ஸ்லாட்டுக்குள்ள ஒரு சாக்கெட்

பழைய போர்டுல புது புராசஸர் போட ஒரு காலத்துல நடுவுல ஒரு தரகர் இருந்தார் மக்களே. பேரு ஸ்லாட்கெட். அடிப்பக்கம் ஸ்லாட்டுல சொருகுற முனை, மேல சதுரமா ஒரு சாக்கெட், அவ்ளோதான் ஆள்.

தரகர் ஏன் தேவைப்பட்டார்? 1997-ல பென்டியம் 2 வந்தப்ப இன்டெல் சாக்கெட்டை விட்டுட்டு 'ஸ்லாட் 1'-க்குத் தாவினாங்க. கேஷ் மெமரிதான் காரணம். அதைத் தனிச் சில்லுகளா புராசஸரோட ஒரே அட்டையில வச்சு, கேசட் மாதிரி டப்பாவுல அடைச்சாங்க. ஏஎம்டி மாதிரி போட்டிக்காரங்க உள்ள வரமுடியாம போனது கூடுதல் லாபம் :-)

1998 ஆகஸ்ட்ல செலரான் 300ஏ வந்துச்சு. 128 கேபி கேஷ் புராசஸர் சில்லுக்குள்ளயே அடங்கிருச்சு. அப்புறம் டப்பா எதுக்கு? 1999-ல 'சாக்கெட் 370'-னு மறுபடியும் சாக்கெட்டுக்கே திரும்பிட்டாங்க. ஸ்லாட் போர்டை நம்பி வாங்கினவங்க கதி? புது போர்டு வாங்குன்னுதான் அர்த்தம். அங்கதான் அபிட், அசூஸ், எம்எஸ்ஐ எல்லாம் ஸ்லாட்கெட்டோட வந்தாங்க.

ஆனா பள்ளத்துல பொருந்திட்டா போதாது, நிஜ வில்லன் வோல்டேஜ். முதல் பென்டியம் 2-க்கு 2.8 வோல்ட் வேணும். 1999 கடைசியில வந்த காப்பர்மைன் பென்டியம் 3-க்கு 1.65 வோல்ட்தான். பல பழைய போர்டுகளுக்கு 1.8-க்குக் கீழ இறங்கவே தெரியாது. 2001-ல வந்த டுவாலட்டின் இன்னும் மோசம், சிக்னல் வோல்டேஜே வேற. பவர்லீப் கம்பெனி அடாப்டர்லயே வோல்டேஜ் ரெகுலேட்டரை வச்சு அதையும் சமாளிச்சாங்க.

விளைவைப் பாருங்க. 1998-ல வந்த 440பிஎக்ஸ் சிப்செட் போர்டுல, 2002-ல வந்த 1.4 கிகாஹெர்ட்ஸ் செலரான் ஓடுச்சு. பென்டியம் 2 எட்டின உச்சமே 450 மெகாஹெர்ட்ஸ்தான்! 'இந்த போர்டு காலாவதி'ன்னு சொன்னதுல பாதி, நடுவுல ஒரு அட்டை இல்லாத குறைதான்.

இப்ப ஏன் அப்படி ஒண்ணு வர்றதில்லை? அன்னைக்கு மெமரியை மேய்ச்சது போர்டுல இருந்த சிப்செட். 2003-ல ஏஎம்டியும் 2008-ல இன்டெல்லும் அந்த வேலையை புராசஸருக்குள்ளயே கொண்டுபோயிட்டாங்க. இப்ப புராசஸர் தலைமுறை மாறினா மெமரி வகையும் மாறலாம், வயரிங்கும் மாறலாம். நடுவுல நின்னு பேச தரகருக்கு இடமே இல்லை.

பரண்ல ஸ்லாட் 1 போர்டு கிடந்தா எடைக்குப் போட்டுடாதீங்க மக்களே!