பாடப்புத்தகத்தில் கியூஆர் கோடு எதற்கு? வீட்டில் செல்போன் இல்லாத பிள்ளைகள் என்ன செய்வது? - முழு விவரம்

அரசுப் பள்ளி பாடப்புத்தகத்தைத் திறந்தால் பாடத்தின் ஓரத்தில் கருப்பு வெள்ளையில் ஒரு சின்ன கட்டம் இருக்கும். பல பெற்றோர் அதைப் பார்த்திருப்பார்கள், ஆனால் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள். அது எதற்கு, அதனால் பிள்ளைகளுக்கு என்ன பயன் என்று பார்க்கலாம்.

எப்போது வந்தது?

தமிழ்நாட்டில் 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதிய பாடப்புத்தகங்கள் வந்தன. அவற்றில் கியூஆர் கோடுகள் அச்சிடப்பட்டன. 2017-ல் மத்திய அரசு தொடங்கிய 'தீக்‌ஷா' செயலியில் இதை ஸ்கேன் செய்தால், அந்தப் பாடத்துக்கான வீடியோ திறக்கும். ஸ்கேன் ஆகவில்லையா? கட்டத்தின் கீழே உள்ள குறியீட்டை டைப் செய்தாலே போதும்.

வேறு என்னென்ன இருக்கின்றன?

கல்வித் தொலைக்காட்சி: 2019 ஆகஸ்ட் 26-ல் தொடங்கப்பட்டது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பல வீடுகளில் டிவிதான் வகுப்பறையானது.

மணற்கேணி: 2023-ல் பள்ளிக்கல்வித் துறை வெளியிட்ட செயலி. பாடங்களை அனிமேஷன் வீடியோக்களாகப் பிரித்துத் தருகிறது.

ஸ்மார்ட் வகுப்பறை: அரசு தொடக்கப் பள்ளிகளில் 20 ஆயிரத்துக்கும் அதிகமான ஸ்மார்ட் வகுப்பறைகளை அமைக்கும் திட்டம். ஆசிரியர்களுக்கு டேப்லெட்டும் வழங்கப்பட்டது.

சிக்கல் எங்கே?

வால்பாறை எஸ்டேட் பகுதிகளிலும் ஆனைகட்டி மலைக் கிராமங்களிலும் எல்லா இடத்திலும் சிக்னல் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போகும் அப்பாவிடம்தான் வீட்டின் ஒரே ஸ்மார்ட்போன் இருக்கும். அவர் திரும்பி வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். இப்படிப்பட்ட வீடுகளில் "வீட்டுக்குப் போய் வீடியோ பாரு" என்பது வெறும் வார்த்தைதான். வசதி இருக்கிற பிள்ளை முன்னே போக, இல்லாத பிள்ளை இன்னும் பின்தங்கும்.

செயலிகளில் விவரம் பதிவு செய்வதற்கே நேரம் போய்விடுகிறது, பாடம் நடத்துவது எப்போது என்ற புகாரையும் ஆசிரியர் சங்கங்கள் நீண்ட காலமாக எழுப்பி வருகின்றன.

தீர்வு என்ன?

வீடியோவை வீட்டுப்பாடமாகக் கொடுக்காமல் வகுப்பறையிலேயே காட்டுவதுதான் முதல் வழி. ஒரே திரையை நாற்பது பேரும் பார்க்கலாம், செல்போன் உள்ளவர் இல்லாதவர் என்ற பேதம் இருக்காது. சிக்னல் கிடைக்கும் இடத்திலேயே வீடியோவை டவுன்லோட் செய்து வைத்துக்கொண்டால், மலைக் கிராமப் பள்ளியிலும் இணையம் இல்லாமல் ஓட்டலாம். தீக்‌ஷாவில் இந்த வசதி உண்டு.

வீடியோவை முழுதாக ஓடவிடுவதும் சரியல்ல. இதயம் துடிக்கும் காட்சியைக் காட்டி நிறுத்தி, "ரத்தம் இப்போ எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டால்தான் பிள்ளை யோசிக்கும். கேள்வி இல்லாவிட்டால் அது சினிமா பார்ப்பது போலத்தான்.

யுனெஸ்கோ 2023-ல் வெளியிட்ட கல்வி அறிக்கையும், தொழில்நுட்பம் ஆசிரியருக்குத் துணையாக இருக்க வேண்டுமே தவிர அவருக்கு மாற்றாக அல்ல என்கிறது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

* செயலியை ப்ளே ஸ்டோரில் மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். அரசுச் செயலிகளுக்குப் பணம் கட்டத் தேவையில்லை.
* முடிந்தவரை பிள்ளையுடன் சேர்ந்து பாருங்கள். பார்த்து முடித்ததும், "என்ன புரிஞ்சுது?" என்று கேளுங்கள்.
* வீட்டில் போன் இல்லையென்றால் தயங்காமல் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள். அது அவருக்குத் தெரிந்தால்தான் வகுப்பிலேயே காட்ட ஏற்பாடு செய்ய முடியும்.