துறை கடக்கும் முன்னர்: படுவான்கரையின் பாலர் வகுப்பும் அம்மம்மா வீடும்

நூற்றாண்டு மலர் என்றால் அதிபர்களின் வரிசை, கட்டடங்கள் எழுந்த கதை, பரீட்சைப் பெறுபேறுகள் எல்லாம் இருக்கத்தான் வேண்டும். இம்மலரின் ஏனைய பக்கங்களில் அவை இருக்கின்றன. கொக்கட்டிச்சோலையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் பிறந்து, ஆறாம் வகுப்புக்கு வாவியைக் கடந்து எமது பாடசாலைக்கு வந்து சேர்ந்த நாங்கள் சிலர் இங்கே எழுதுவது அதற்கு முந்திய ஐந்தாண்டுகளைப் பற்றி. எங்கள் பெயர்கள் சேர்வு இடாப்பில் பதியப்பட்டது அக்கரையில். எழுத்தும் எண்ணும் எங்களுக்குள் புகுந்தது இக்கரையில். அந்தப் பகுதியை ஒருவரும் எழுதி வைக்கவில்லை என்பது எங்கள் மனக்குறை.

வெளிநாடுகளில் பிறந்த எங்கள் பேரப்பிள்ளைகளும் இதனைப் படிக்கக்கூடும் என்பதால் ஊரைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறோம். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக உள்ளது எழுவான்கரை. சூரியன் எழும் பக்கம். மேற்கே, வயலும் குளமும் காடுமாகக் கிடப்பது படுவான்கரை. சூரியன் படும் பக்கம். கொக்கட்டிச்சோலை படுவான்கரையில் இருக்கிறது. நகரத்துக்குப் போக மண்முனைத் துறையில் 'பாதை' ஏற வேண்டும். எங்கள் ஊரில் பாதை என்றால் தெரு அல்ல. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை. அதை விட்டால் வவுணதீவுப் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். மாரி காலத்தில் வாவி பெருகினால் இரண்டும் கஷ்டம். ஜப்பான் நாட்டு உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது 2014இல்தான். அதுவரை அக்கரைப் பள்ளிக்கூடம் என்பது ஒரு சிறு பிள்ளையால் தினமும் போய்வரக்கூடிய இடமாக இருக்கவில்லை. சிறு வயதுப் படிப்பு ஊரிலேயே நடந்தாக வேண்டியிருந்தது, அதில் பாதி வீட்டிலேயே நடந்தது.

எங்கள் வீடு என்பதையும் விளக்க வேண்டும். மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். கல்யாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு வருவார். குடி வழியும் தாய்வழியேதான். ஆகவே ஒரு பிள்ளை பிறந்து வளரும் வளவில் அம்மாவோடு அம்மம்மா இருப்பார். வேலிக்கு அப்பால் பெரியம்மா, இப்பால் சின்னம்மா. அம்மா வயலுக்குப் போனாலும் பிள்ளையோடு கதைக்க ஒரு பெண் எப்போதும் இருந்தாள். பிள்ளை பேச்சைப் பழகுவது ஓயாமல் தன்னோடு கதைக்கும் பெரியவர்களிடமிருந்துதான் என்று இன்றைய கல்வியியல் நூல்கள் அழுத்திச் சொல்கின்றன. படுவான்கரைப் பிள்ளைக்கு அந்த வசதி ஊர் வழக்கத்தாலேயே கிடைத்தது. சீதன வழக்கத்தில் குறை சொல்ல எங்களிடம் நிறைய உண்டு. இந்த ஒன்றை மட்டும் அதன் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும்.

அந்த வளவுகளில் கையெழுத்து வைக்கத் தெரியாத பெண்கள் அதிகம். அவர்கள் எங்களுக்குப் பாடம் சொல்லித் தந்ததாகத் தாங்களும் நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை. பன்பாய் இழைக்கும்போது பக்கத்தில் இருத்தி, எத்தனை பன் மேலே, எத்தனை கீழே என்று எண்ணச் சொல்வார்கள். நெல் அளக்கும்போது மரைக்கால் கணக்கை வாய்விட்டுச் சொல்வார்கள். தவறவிட்டால் எங்களைக் கேட்பார்கள். கொக்கான் வெட்டும்போது ஐந்து கல்லில் இரண்டை அள்ளினால் மிச்சம் மூன்று என்பது விரலுக்கே தெரிந்துவிடும். பொழுதுபட்டால் நொடி போடுவார்கள். அவிழ்க்க முடியாதவளுக்கு அன்று பகிடிதான். தான்தோன்றீஸ்வரர் கோயிலின் கதைகளும் இரவுக்கு இரவு வரும்: வேடன் வெட்டிய கொக்கட்டி மரத்திலிருந்து இரத்தம் பாய்ந்தது, பறங்கித் தளபதியின் முன்னால் கல் நந்தி எழுந்து புல்லுத் தின்றது. எங்கே நிறுத்தினாலும் "மறுகா?" என்று நாங்கள் கேட்போம். அடுத்து என்ன நடந்திருக்கும் என்று நீயே சொல்லு பார்ப்பம் என்று அம்மம்மா எங்களிடமே திருப்பி விடுவார். பிற்காலத்தில் ஆசிரியப் பயிற்சிக்குப் போன எங்களில் சிலர், 'எதிர்வுகூறி விளங்கிக்கொள்ளல்' என்று அதைப் பெரிய எழுத்தில் குறித்துக்கொண்டு வந்தோம்.

ஏடு தொடக்குவது விஜயதசமியில். தட்டில் பரப்பிய அரிசியில், பெரியவர் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுதுவிப்பார். அதற்குப் பிறகு பயிற்சியெல்லாம் முற்றத்து மணலில். மணலில் எழுதுவது ஏழைகளின் வழி என்று நாங்கள் வெகுநாள் எண்ணியிருந்தோம். அதற்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1789 முதல் சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளியை நடத்தினார். அருகிலிருந்த உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தன் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் சேர்த்து 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. அதற்குப் பின்னர்தான், 1814இல், வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் மட்டக்களப்பில் வந்திறங்கிப் பள்ளி தொடங்கினார். நூறாண்டு கழித்து 1907இல் உரோமாபுரியில் பாலர் இல்லம் திறந்த மரியா மொன்டிசோரி அம்மையார், அரத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகளின் விரலால் தடவச் செய்தார். கண் பார்ப்பதைக் கையும் உணர்ந்தால் எழுத்து மனதில் நிற்கும் என்பது அவரது கருத்து. அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து பல ஆசிரியர்களைப் பயிற்றினார். எங்கள் முற்றத்து மணல் செய்ததும் அதே வேலைதான்.

பள்ளிக்கூடம் என்று பார்த்தால், எங்கள் பக்கத்தில் மிஷன்களும் சைவ முயற்சிகளும் போட்டிபோட்டு உழைத்தன. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்தார். இராமகிருஷ்ண மிஷனின் கிராமப் பாடசாலைகளையும் கவனித்தார். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் தலைமையில் அமைந்த விசேட குழு 1943இல் அறிக்கை சமர்ப்பித்து, 1945 ஒக்டோபர் முதல் கல்வி இலவசமாயிற்று. இலவசம் என்பதை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். ஆரம்ப வகுப்புகள் தாய்மொழியில்தான் நடக்க வேண்டும் என்று அதே அறிக்கை சொன்னதை நாங்கள் அதைவிடப் பெரிதாக மதிக்கிறோம். வீட்டுப் பேச்சுக்கும் வகுப்புப் பேச்சுக்கும் இடையே கதவு திறந்திருந்ததால்தான், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாயும் பிள்ளையின் படிப்பில் பங்குகொள்ள முடிந்தது.

அந்தக் கதவு எல்லா வகுப்பிலும் ஒரே மாதிரித் திறந்திருக்கவில்லை. "ஓம்கா", "கிறுகி வாறன்" என்று பேசிக்கொண்டு வந்த பிள்ளையைப் பார்த்துச் சிரித்த ஆசிரியர்களும் இருந்தார்கள். அப்படிச் சிரிக்கப்பட்டவள் பிறகு வாயே திறக்கமாட்டாள். நல்ல பாலர் வகுப்பு ரீச்சர் வேறு விதம். பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே கரும்பலகையில் எழுதி, அதன் பக்கத்தில் புத்தகத் தமிழையும் எழுதி, "இது வீட்டுக்கு, இது கொப்பிக்கு" என்பார். சிலேற்றை மறந்து வந்தவளுக்குப் புளியங்கொட்டை கொடுத்து நிலத்தில் எழுத்தை அடுக்கச் சொல்வார். பத்துப் பத்து ஈர்க்காகக் கட்டவைத்து ஒன்றினிடத்தையும் பத்தினிடத்தையும் காட்டுவார். ஈர்க்குக் கட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மம்மாவுக்குக் காட்டும்படி சொல்லியனுப்புவார். அது அம்மம்மாவுக்கு விளங்கும். நெல்லை மரைக்காலில் அளந்து அவணக் கணக்குப் பார்ப்பவருக்குப் பத்தைக் கட்டி எண்ணுவது புதினமா?

தேர்ச்சி அறிக்கையில் பெற்றாரின் ஒப்பம் வேண்டும். எங்களில் பலரது அறிக்கைகளில் இருப்பது அம்மாவின் பெருவிரல் அடையாளம். ஆனால் எடுத்த எடுப்பில் விரலை வைக்க மாட்டார்கள். "வாசி கேப்பம்" என்பார்கள். ஒவ்வொரு பாடமாக, ஒவ்வொரு புள்ளியாக, ரீச்சர் எழுதிய குறிப்பையும் குப்பி விளக்கடியில் உரக்க வாசிக்க வேண்டும். தடுமாறினால் "முதல்ல இருந்து வாசி". அறிக்கையை வாசிக்கத் தெரியாத ஒருத்தி, வாசிக்கத் தெரிந்த ஒருத்தியை உருவாக்கிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான் என்ற பெருமையை ஏழு வயதில் எங்களுக்குத் தந்தது அதுதான். பிள்ளையின் வீட்டுவேலையைத் தாங்களே செய்து கொடுக்கும் படித்த பெற்றோரை இன்று பார்க்கும்போது, அந்தப் பெருவிரல்கள் நினைவுக்கு வருகின்றன.

இதையெல்லாம் சொல்வதால் பழைய காலம் பொற்காலம் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. விதைப்பும் வெட்டும் வந்தால் வகுப்பு பாதி வெறிச்சோடும். கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லை என்றால் நிறுத்தப்படுவது அக்காள்தான். அண்ணன் போவான். எங்களோடு அரிவரியில் ஒரே வாங்கில் இருந்த பெண்பிள்ளைகளில் பலர் ஐந்தாம் வகுப்போடு நின்றார்கள். எழுத்துக் கூட்டுவதில் எங்களிலும் கெட்டிக்காரிகள் அவர்களுள் இருந்தார்கள். துறையைத் தாண்டி ஒரு பெண்பிள்ளையை விடுதிக்கு அனுப்பத் துணிந்த வீடுகள் குறைவு. இந்தச் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலில் இல்லாத அவர்களும் இந்த வரலாற்றில் இருக்க வேண்டியவர்களே.

பிறகு வந்தவை தெரிந்தவைதான். 1978 நவம்பர் 23 சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனது. 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவுப் பகுதியில் நடந்த படுகொலைகள் அம்மாக்களையும் அப்பாக்களையும் கொண்டுபோயின. 2007 மார்ச்சில் படுவான்கரை மக்கள் மூட்டை முடிச்சுகளோடு வாவியைக் கடந்து முகாம்களில் இருந்தார்கள். கொப்பி இல்லாத அந்த நாட்களில் முகாம் மணலில் பேரப்பிள்ளைக்கு 'அ' எழுதிக் காட்டிய கிழவிகளை எங்களில் சிலர் கண்ணால் கண்டிருக்கிறோம். பயந்துபோய்ப் பேச்சு நின்றுவிட்ட பிள்ளைகளுக்கு எழுத்தைவிடக் கதைதான் முதலில் தேவைப்பட்டது. கதை கேட்டுக் கேட்டுத்தான் வாய் திறந்தார்கள்.

1997இல் அறிவிக்கப்பட்டு 1999இல் நாடெங்கும் முதலாம் தரத்தில் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதல் இரு வகுப்புகளில் விளையாட்டும் செயற்பாடும் முதன்மை, எழுத்துவேலை குறைவு என்று வகுத்தது. அம்மம்மா வீட்டு முறை அரசாங்கச் சுற்றுநிருபமாக வந்துவிட்டது என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம். ஆனால் வீடு அதற்குள் மாறிவிட்டது. கிராமத்துப் பிள்ளையை மத்திய பாடசாலைக்குக் கொண்டுபோகவென்று தோன்றிய ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை, மூன்றாம் தரத்திலேயே ரியூசன் தொடங்கும் நிலைக்கு வந்துவிட்டது. நெல் அளக்கும் இடத்தில் பிள்ளை இல்லை. அது மாதிரி வினாத்தாள் செய்துகொண்டிருக்கிறது. எங்கள் மகள்மார் படித்தவர்கள், கையெழுத்து வைப்பார்கள். அறிக்கையில் புள்ளியைப் பார்த்து வைக்கிறார்கள். "வாசி கேப்பம்" என்று சொல்லும் நேரம் குறைந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளின் வீட்டிலோ பிள்ளை பள்ளியில் ஒரு மொழி, வீட்டில் இன்னொன்று. அங்கே தமிழில் கதை சொல்ல ஒருவர் இருந்தால் பள்ளிமொழியும் கெடாது என்பதை அனுபவத்தில் கண்ட தாய்மார் எங்களுக்கு எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே நூற்றாண்டு நினைவாகக் கட்டடத்துக்கு உதவுவோர் உதவட்டும். எங்கள் பக்கத்து விண்ணப்பம் வேறு. உங்கள் அம்மம்மா போட்ட நொடிகள், கொக்கான் வெட்டும்போது சொன்ன சொற்கள், நெல் அளந்த கணக்கு, கோயில் கதைகளை அவர் சொன்ன விதம், எது நினைவில் இருந்தாலும் அவர் பேசிய தமிழிலேயே எழுதியோ பேசிப் பதிந்தோ சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். படுவான்கரையின் முதலாம், இரண்டாம் தர வகுப்புகளில் வாசித்துக் காட்டச் சிறு நூலாக அதைத் தொகுக்க எண்ணியிருக்கிறோம். விடுமுறையில் ஊருக்கு வருகிறவர்கள், இப்போது பாலம் இருக்கிறது, ஒரு காலைப்பொழுது வந்து அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் இருந்து வாசிக்கலாம். அல்லது அவர்கள் வாசிக்கக் கேட்கலாம்.