காரில் ஏர்பேக் லைட் அணையவே இல்லையா? பழுது எங்கே இருக்குன்னு எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் காரை ஸ்டார்ட் பண்ணும்போது மீட்டரில் ஒரு லைட் எரியுது. சீட்டில் ஒரு ஆள், அவர் முன்னால் ஒரு பலூன், அதுதான் படம். ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆண்டாளைக் கும்பிட்டு, பால்கோவா வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய பிறகும் அது அணையவில்லை. கார் நல்லாத்தான் ஓடுது, மைலேஜும் குறையவில்லை. அதனால்தான் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று பலரும் விட்டுவிடுகிறார்கள்.

இக்னிஷன் ஆன் செய்ததும் இந்த லைட் சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றால், ஏர்பேக் சிஸ்டத்தில் எங்கோ பழுது என்று அர்த்தம். அந்த நிலையில் விபத்து நடந்தால் ஏர்பேக் விரியாமல் போகலாம். மோதும் நேரத்தில் சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் பிரீடென்ஷனரும் பெரும்பாலும் இதே கன்ட்ரோல் யூனிட்டை நம்பித்தான் இருக்கு. பெல்ட் வழக்கம்போல மாட்டும், அதைப் போடாமல் மட்டும் வண்டி எடுக்காதீங்க.

2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். அந்தக் கார்கள் இப்போது செகண்ட் ஹேண்டில் கைமாறி வருகின்றன. பிரச்சனையும் அங்கேதான் பெரிதாகிறது. அதற்குப் பிறகு வருவோம்.

ஸ்டியரிங்குக்குள் என்ன இருக்கு?

ஹாரன் அடிக்கும் மூடிக்குப் பின்னால் மடித்து வைத்த பை, கேஸ் உண்டாக்கும் இன்ஃபிளேட்டர், அதைப் பற்றவைக்கும் சின்ன மின்திரி. மோதியவுடன் கன்ட்ரோல் யூனிட் இந்தத் திரிக்கு கரண்ட் அனுப்பும். பை விரிய சுமார் 30 மில்லி விநாடிதான் ஆகும், கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு.

திரியின் மின்தடை பொதுவாக 2 முதல் 3 ஓம். கார் ஆனில் இருக்கும்வரை கன்ட்ரோல் யூனிட் இந்த அளவைக் கவனித்துக்கொண்டே இருக்கும். அளவு ஏறினாலோ, இறங்கினாலோ, வயர் பாடியில் பட்டு ஷார்ட் ஆனாலோ லைட்டைப் போட்டுவிடும்.

அதிகம் மாட்டுவது கிளாக் ஸ்பிரிங். சில மெக்கானிக்குகள் ஸ்பைரல் கேபிள் என்பார்கள். ஸ்டியரிங் சுற்றும், அதன் அடியில் இருக்கும் வயர் சுற்றக்கூடாது இல்லையா? அதற்காக ரிப்பன் மாதிரி பட்டையான வயரைச் சுருட்டி வைத்திருப்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப அது சுருங்கி விரியும். வருஷக்கணக்கில் ரத வீதி முனைகளில் வளைத்து வளைத்து ஓட்டினால் தேயத்தான் செய்யும். வேறு வேலைக்காக ஸ்டியரிங்கைக் கழற்றி, சென்டர் பார்க்காமல் மாட்டினால் ஒரே நாளில்கூட அறுந்துபோகலாம். ஹாரன் சில நேரம் அடிக்கவில்லை, ஸ்டியரிங்கில் உள்ள ஆடியோ பட்டன் வேலை செய்யவில்லை, திருப்பும்போது லைட் விட்டு விட்டு எரிகிறது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

கனெக்டர் லூஸ் ஆவது, நிறுத்தி வைத்த காரில் எலி வயரைக் கடிப்பது, பேட்டரி வீக் ஆவது இவையும் காரணமாகலாம்.

மெக்கானிக் எப்படிப் பார்க்கணும்?

முதலில் ஸ்கேனர். ஆன்லைனில் வாங்கும் விலை குறைந்த புளூடூத் கருவிகள் பலவும் இன்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். ஏர்பேக் கோடு தனி, அதைப் படிக்கும் ஸ்கேனர் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். 'டிரைவர் ஏர்பேக் சர்க்யூட், ரெசிஸ்டன்ஸ் அதிகம்' என்று வந்தால் உடனே ஏர்பேக்கையே மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீங்க. கோடு சொல்வது எந்த சர்க்யூட் என்பதை மட்டும்தான். அதில் எந்தப் பாகம் என்பதை இனிமேல்தான் தேடணும்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, கம்பெனி சொல்லும் நேரம்வரை காத்திருக்க வேண்டும். கன்ட்ரோல் யூனிட்டுக்குள் மிச்ச சார்ஜ் இருக்கும். அதன் பிறகு ஏர்பேக்கைக் கழற்றி, அதன் இடத்தில் சுமார் 2 ஓம் டம்மி ரெசிஸ்டரை மாட்டி, பேட்டரியை இணைத்து மறுபடி ஸ்கேன். கோடு போய்விட்டால் பழுது ஏர்பேக்கில். போகவில்லையா, டம்மியை கிளாக் ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள கனெக்டரில் மாட்டிப் பார்க்கணும். இப்போது போனால் குற்றவாளி கிளாக் ஸ்பிரிங். அப்போதும் நின்றால் வயரிங் அல்லது கன்ட்ரோல் யூனிட்.

மல்டிமீட்டரை நேராக ஏர்பேக்கில் வைத்து அளக்கவே கூடாது. மீட்டரின் கரண்டே திரியைப் பற்றவைத்துவிடும் ஆபத்து இருக்கு. மஞ்சள் நிற கனெக்டர்களை வீட்டில் நீங்களாகக் கழற்றவும் வேண்டாம்.

அதே ரெசிஸ்டர், வேறு வேலை

சோதனைக்கு உதவும் அந்தச் சின்ன ரெசிஸ்டரை அப்படியே உள்ளே விட்டுவிட்டால்? லைட் அணைந்துவிடும். கன்ட்ரோல் யூனிட்டுக்கு 2 ஓம் தெரிகிறது, ஏர்பேக் இருப்பதாக நம்பிவிடும். உண்மையில் ஸ்டியரிங்குக்குள் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். விபத்தில் ஒருமுறை விரிந்த ஏர்பேக்கை மாற்றச் செலவு அதிகம் என்பதால் சிலர் செய்யும் வேலை இது. லைட் சரியாக எரிந்து அணையும், ஸ்கேனரும் பழுதில்லை என்றே காட்டும்.

எனவே பழைய கார் வாங்கும்போது லைட்டை மட்டும் நம்பக்கூடாது. ஸ்டியரிங் மூடியின் நிறம், இடைவெளி, மற்ற பாகங்களோடு ஒத்துப்போகுதா பாருங்க. சர்வீஸ் சென்டரில் பதிவெண்ணைக் கொடுத்து விபத்து ரிப்பேர் நடந்திருக்கா என்று கேளுங்க. சந்தேகம் இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன்பே மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லலாம்.

சில நேரம் கோளாறு கம்பெனியிலேயே இருக்கும். 2023 ஜனவரியில் ஏர்பேக் கன்ட்ரோலரை இலவசமாகச் சோதித்து மாற்ற 17,362 கார்களைத் திரும்ப அழைத்தது மாருதி சுசூகி. ஆல்டோ கே10, எஸ்-பிரெஸ்ஸோ, ஈக்கோ, பிரெஸ்ஸா, பலேனோ, கிராண்ட் விட்டாரா மாடல்களில், 2022 டிசம்பர் 8 முதல் 2023 ஜனவரி 12 வரை தயாரானவை. பாகத்தை மாற்றும்வரை ஓட்ட வேண்டாம் என்றும் கம்பெனி சொன்னது. உங்கள் காருக்கு இப்படி ஏதாவது அழைப்பு இருக்கா என்பதை ஆர்சி புக்கில் உள்ள சேஸிஸ் எண்ணை வைத்துப் பார்க்கலாம். இருந்தால் காசு கொடுக்க வேண்டியதில்லை.

வெளியில் ரிப்பேர் செய்தால், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டையும், கழற்றிய பழைய கிளாக் ஸ்பிரிங்கையும் கையோடு கேட்டு வாங்கிடுங்க.