நிரலுக்கு ஓர் உரிமம், நூலுக்கு ஓர் உரிமம்

நம் எழுத்தைப் பொதுவில் வைக்க விரும்பும் நாம், மென்பொருள் உலகின் உரிமத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? விக்கிப்பீடியாவின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

1989இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு பொது உரிமத்தை வெளியிட்டார். நிரலை எவரும் திருத்தலாம். திருத்திப் பகிர்வோர் அதே உரிமையைப் பிறருக்கும் தரவேண்டும். மென்பொருள் கையேடுகளுக்கென 2000இல் குனு கட்டற்ற ஆவண உரிமம் வந்தது. நூலில் ஆசிரியரின் கருத்தும் உண்டல்லவா? ஆகவே சில பகுதிகளை மாற்றலாகாது என அறிவிக்க அது இடமளித்தது.

2001இல் தொடங்கிய விக்கிப்பீடியா இவ்வுரிமத்தையே ஏற்றது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 டிசம்பரில்தான் வந்தன. தடித்த கையேட்டின் இறுதியில் முழு உரிமத்தையும் அச்சிடுவது சுமையன்று. ஒரு பக்கக் கட்டுரையைப் படியெடுத்து மாணவர்க்கு வழங்குபவரோ, கட்டுரையைவிட நீண்ட உரிமத்தையும் இணைக்க வேண்டியிருந்தது.

உரிமத்தை மாற்றலாமென்றால், எழுதிய அத்தனை பேரிடமும் இசைவு பெறுவது இயலாது. 'பிந்தைய பதிப்புகளும் பொருந்தும்' என்று முன்பே சேர்த்திருந்த சிறு தொடர்தான் காப்பாற்றியது. 2008 நவம்பரில் வந்த 1.3ஆம் பதிப்பு மாற்றத்துக்கு வழிவிட்டது. பங்களிப்பாளர் வாக்கெடுப்புக்குப் பின், 2009 ஜூனில் விக்கிப்பீடியா கிரியேட்டிவ் காமன்ஸுக்கு மாறியது; தமிழ் விக்கிப்பீடியாவும் உடன் மாறியது.

ஒருமுறை வழங்கிய உரிமத்தைத் திரும்பப் பெற இயலாது. எனவே நம் எழுத்தை யார், எவ்வடிவில் எடுத்துச் செல்வார்கள் என்பதை முதலில் எண்ணிப்பார்ப்போம். உரிமத்தை அதன்பின் தேர்வோம்.