தொடர்

பின்பற்றிச் செல்வது இதன் வினைப்பொருள். சங்கிலி பழைய பெயர்ப்பொருள். புறநானூற்றின் 74ஆம் பாட்டில் நாயைப் பிணித்த சங்கிலிக்கு இச்சொல்தான். காப்பியத்தைத் தொடர்நிலைச் செய்யுள் என்றார்கள். பிறகு வார இதழ்த் தொடர்கதை, தொலைக்காட்சித் தொடர்.

போளூர் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் இரவுக்கு இரவு நீளும் பாரதக் கூத்தும் தொடரே. முடிவு தெரிந்தும் விடியவிடிய உட்கார்ந்து பார்க்கிறது ஊர். தொலைக்காட்சித் தொடர்களான ‘மர்மதேசம்’, 2005இல் முடிந்த ‘மெட்டி ஒலி’ ஆகியவற்றை யூடியூபில் திரும்பத் திரும்பப் பார்த்து, காட்சிகளை வெட்டிப் பகிரும் ரசிகர்களும் அந்த வழி வந்தவர்கள்தான். சங்கிலியின் கண்ணி அவர்களே.

அந்தச் சங்கிலி அறாமல் இருக்க, பழைய தொடர்களைப் பதிந்த நாடாக்கள் வீட்டுப் பரணில் இருந்தால் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள்.