நேர்கோட்டின் இரு பிறவிகள்

கட்டடம் ஓரிடத்தில் நிற்பது. இசை காலத்தில் ஓடி மறைவது. இவ்விரண்டும் ஒரே கணக்கிலிருந்து பிறக்கக்கூடும் என்று செய்து காட்டியவர் யான்னிஸ் செனாக்கிஸ் என்னும் கிரேக்கர்.

ஏதென்ஸில் பொறியியல் பயின்ற அவர், நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடியவர். 1944 டிசம்பரில் மூண்ட தெருச்சண்டையில் பிரிட்டிஷ் டாங்கியின் குண்டுபட்டு இடக்கண்ணை இழந்தார். 1947-இல் தப்பிப் பாரிஸை அடைந்தார். அவர் இல்லாமலே தாய்நாட்டில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பாரிஸில், சண்டிகார் நகரை வகுத்த லெ கொர்பூசியேயின் அலுவலகத்தில் பொறியாளராக அமர்ந்தார். கட்டடக் கணக்குகளுக்கிடையே இசையும் பயின்றார்.

1955-இல் அரங்கேறிய அவருடைய 'மெட்டாஸ்டாசிஸ்' என்னும் படைப்பில் நரம்புக் கருவிகள் ஒவ்வொன்றும் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்கின்றன. நம் இசையில் இதனை ஜாரு என்பர். கட்டமிட்ட தாளில் ஒவ்வொருவர் பயணமும் ஒரு நேர்கோடு. பல கோடுகள் வெவ்வேறு சாய்வில் சேரும்பொழுதோ, அவற்றின் விளிம்பில் ஒரு வளைவு தோன்றுகிறது.

இரண்டு குச்சிகளுக்கிடையே நூல்களை வரிசையாகக் கட்டி, ஒரு குச்சியைச் சற்றே திருப்பிப் பாருங்கள். நூல்கள் நேராகவே இருக்கும். அவை அமைக்கும் பரப்பு மட்டும் வளையும். 1958-இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனத்துக்காக எழுந்த மண்டபத்தின் சுவர்கள் இவ்வகைப் பரப்புகளே. அவற்றின் கான்கிரீட்டுப் பலகைகள் ஐந்து சென்டிமீட்டர் கனமே உடையவை. எஃகு வடங்கள் அவற்றை இழுத்துப் பிடித்தன. உள்ளே நூற்றுக்கணக்கான ஒலிபெருக்கிகள் வழியே எட்கார் வரேஸின் இசை சுவரோடு சுவராக ஊர்ந்து சென்றது. காட்சிகளுக்கு இடையே, எரியும் கரியின் ஒலியைக் கொண்டு செனாக்கிஸ் அமைத்த குறும்படைப்பு ஒலித்தது.

மண்டபத்தின் புகழ் முதலில் லெ கொர்பூசியேக்கே உரியதாயிற்று. உருவத்தைக் கணக்கிட்டு வரைந்தவர் தம் பெயரையும் சேர்க்குமாறு வற்புறுத்திப் பெற்றார். 1959-இல் மண்டபம் இடிக்கப்பட்டது. அதே ஆண்டில் அலுவலகத் தொடர்பும் அறுந்தது.

அவர் முயற்சி அதனோடு நிற்கவில்லை. 1967-இல் மான்ட்ரியாலில் எஃகு வடங்களைச் சிற்பம்போல் அந்தரத்தில் வளைய நிறுத்தி, அவற்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விளக்குகளை ஒளிரவிட்டு, இசையோடு இணைத்தார். 1974-இல் சர்வாதிகாரம் வீழ்ந்தபின் தாயகத்தை மீண்டும் கண்டார். 2001-இல் பாரிஸில் மறைந்தார்.

நிற்பது என்று நாம் நம்பும் கட்டடம் ஓராண்டும் நிலைக்கவில்லை. மறைவது என்று நாம் எண்ணும் இசையோ இன்றும் மேடைகளில் ஒலிக்கிறது. அதனை வாசிக்குந்தோறும், இடிந்த மண்டபத்தின் கோடுகள் ஒலியிலே மீண்டும் வரையப்படுகின்றன.