தீவுகளை நிலமாக்கிய ஆறு

தாயைக் கொன்ற ஒருவன் ஊர் ஊராக அலைகிறான். எங்குச் சென்றாலும் அவனுக்கு அமைதி கிட்டவில்லை. அவன் அக்கொலையைச் செய்தபோது கதிரவன் பார்த்திராத நிலம் எதுவோ, அங்குக் குடியேறினால்தான் விடுதலை என்கிறது அப்போலோ கடவுளின் அருள்வாக்கு. கதிரவன் பாராத நிலமும் உலகில் உண்டா? நெடுநாள் சிந்தித்தபின் அவனுக்கு விடை தோன்றுகிறது. கொலை நிகழ்ந்தபோது இல்லாமல், அதன் பின்னரே தோன்றிய நிலமாக அது இருக்க வேண்டும்! அக்கெலோஸ் ஆறு கடலில் கொட்டிய வண்டலால் உண்டான புது நிலத்தில் அவன் குடியேறுகிறான்.

அல்க்மையோன் என்பவனைப் பற்றிய கிரேக்கப் பழங்கதை இது. கதைதான், எனினும் ஆறு புது நிலத்தைப் படைக்கிறது என்பதைக் கிரேக்கர் கண்கூடாகக் கண்டிருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆற்றின் போக்கு

கிரேக்க நாட்டின் முதுகெலும்பு போல் அமைந்தது பிண்டஸ் மலைத்தொடர். அதன் வட பகுதியில் பிறக்கும் அக்கெலோஸ், ஆழ்ந்த பள்ளத்தாக்குகள் வழியாகத் தெற்கு நோக்கிப் பாய்கிறது. மலையைவிட்டு இறங்கியபின் கிழக்கே ஈட்டோலியா, மேற்கே அக்கர்னானியா என்னும் இரு பகுதிகளுக்கு இடையே சமவெளியில் வளைந்து வளைந்து சென்று, சுமார் 220 கிலோமீட்டர் ஓடி, அயோனியக் கடலில் கலக்கிறது. வெண்ணிற ஆறு என்று பொருள்படும் 'அஸ்புரோபொட்டமோஸ்' என்பது இதன் மற்றொரு பெயர்.

ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு எதிரே எக்கினாடிஸ் என்னும் சிறு தீவுக் கூட்டம் உள்ளது. நம் வரலாற்றின் கதாநாயகர்கள் இத்தீவுகளே.

ஒரு முன்கணிப்பு

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹெரடோட்டஸ், எகிப்தின் பெரும்பகுதி நைல் நதியின் வண்டலால் ஆனது என்பதை விளக்கும்போது, அக்கெலோஸ் ஆற்றையும் எடுத்துக்காட்டுகிறார். எக்கினாடிஸ் தீவுகளில் பாதியை அது ஏற்கெனவே நிலத்தோடு இணைத்துவிட்டது என்பது அவர் கூற்று.

அவருக்குச் சற்றே பிற்பட்டவரான தூசிடிடிஸ், பெலப்பனீசியப் போரின் வரலாற்றை எழுதும்போது, காரணத்தையும் ஆராய்கிறார். ஆறு பெரியது, அதன் நீர் கலங்கலானது, தீவுகளோ நெருக்கமாகவும், ஒரே வரிசையில் இல்லாமல் முன்பின்னாகவும் அமைந்துள்ளன. ஆகவே நீர் நேராகக் கடலுக்குள் பாய வழியில்லை. வண்டல் சிதறிப்போகாமல் தீவுகளுக்கிடையே தங்கிவிடுகிறது. எஞ்சிய தீவுகளும் விரைவில் நிலமாகிவிடும் என்று அவர் கணித்தார்.

இவ்விளக்கம் இயற்பியலுக்கு முற்றிலும் பொருந்துவது. வேகமாக ஓடும் நீர் மண் துகள்களைச் சுமந்து செல்லும். வேகம் தணிந்தால் முதலில் மணலும் பிறகு நுண்ணிய வண்டலும் படியும். களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. அவை எதிர்மின்னூட்டம் உடையவை. ஆதலால் ஒன்றையொன்று விலக்கி நன்னீரில் நெடுநேரம் மிதக்கும். கடல்நீரிலுள்ள உப்பின் அயனிகள் இந்த விலக்கு விசையைக் குறைக்கின்றன. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிக் கீழே இறங்கிவிடுகின்றன. களிமண் கலந்த நீரை இரு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, ஒன்றில் மட்டும் சிறிது உப்பிட்டுக் கலக்கி வையுங்கள். எது முன்னதாகத் தெளிகிறது என்று நீங்களே காணலாம்.

கணிப்பு ஏன் தவறியது?

தூசிடிடிசுக்குப் பின் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்தன. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றிப் பார்த்து எழுதிய பாசேனியஸ் ஒரு வினாவை எதிர்கொண்டார்: எக்கினாடிஸ் தீவுகள் இன்னும் தீவுகளாகவே இருப்பது ஏன்?

கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் வென்றவர், பின்னாளில் ஆகஸ்டஸ் என்று பெயர் பெற்ற ஆக்டேவியன். அவர் நிக்கோபோலிஸ் என்னும் புது நகரை அமைத்துச் சுற்றுப்புற மக்களை அங்குக் குடியேற்றினார். ஈட்டோலியாவின் வயல்கள் தரிசாயின. உழவு நின்றது, ஆகவே ஆற்றில் வரும் மண்ணும் குறைந்தது. இதுவே பாசேனியசின் விடை.

அவர் அத்துடன் நிற்கவில்லை. ஒப்பீட்டுச் சான்றும் தருகிறார். சிறிய ஆசியாவில் மியாண்டர் ஆறு பாயும் நாடுகளில் ஆண்டுதோறும் உழவு நடக்கிறது. அங்கே பிரியீன், மிலேட்டஸ் ஆகிய நகரங்களுக்கு இடையே இருந்த கடல், குறுகிய காலத்தில் நிலமாகிவிட்டது! உழுத நிலம், உழாத நிலம் இரண்டையும் ஒப்பிட்டுக் காரணத்தைத் தேடும் இம்முறை விஞ்ஞான முறையன்றி வேறென்ன? பாசேனியஸ் கூறாத காரணம் ஒன்றும் உண்டு. கரையைவிட்டு விலக விலகக் கடல் ஆழமாகிறது. ஆழமான இடத்தைத் தூர்க்க மிகுதியான வண்டல் வேண்டும் அல்லவா?

எனினும் ஆறு தன் வேலையை விட்டுவிடவில்லை. கழிமுகத்துக்கு அருகே இருந்த பழைய துறைமுக நகரம் ஈனியாடே. போர்க்கப்பல்களை இழுத்து நிறுத்தப் பாறையில் குடைந்த கொட்டில்களை இன்றும் அங்குக் காணலாம். ஆனால் கடலோ பல கிலோமீட்டர் தொலைவுக்கு விலகிவிட்டது. வயல்வெளியின் நடுவே நிற்கும் குன்றுகள் சில, ஒரு காலத்தில் தீவுகளாக இருந்தவையே.

இன்றைய நிலை

1960களில் இவ்வாற்றின் குறுக்கே கிரமாஸ்தா, கஸ்திராக்கி ஆகிய அணைகள் எழுந்தன. 1980களில் ஸ்திராத்தோஸ் அணையும் சேர்ந்தது. கிரமாஸ்தா அணையின் உயரம் சுமார் 160 மீட்டர். அதன் நீர்த்தேக்கம் கிரேக்க நாட்டின் செயற்கை ஏரிகளிலேயே மிகப் பெரியது. இவ்வணைகள் மின்சாரம் தருகின்றன. ஆனால் தேக்கத்தில் நீரின் வேகம் தணிவதால், கடலுக்குச் செல்லவேண்டிய வண்டல் அங்கேயே படிந்துவிடுகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக நிலத்தைப் பெற்று வந்த கழிமுகத்தின் சில பகுதிகளைக் கடல் இன்று அரித்து வருகிறது.

அன்று உழவர் வெளியேறியதால் வண்டல் குறைந்தது. இன்று அணை தடுப்பதால் குறைகிறது. காரணம் வேறாயினும் விதி ஒன்றே. ஆற்றின் மேற்பகுதியில் மனிதன் செய்வதற்கு அதன் கழிமுகம் கணக்குச் சொல்கிறது. பாசேனியஸ் கண்ட இவ்வுண்மையை, அணை கட்டுவோரும் ஆற்றங்கரையில் வாழ்வோரும் மறத்தலாகாது.